தள்ளிவிட்டால் ஓடும்

நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில்
தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில்
ஏரியைப் பார்த்தபடி ஒன்பது கண்ணாடிக் கூடாரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்புத் தொட்டி,
யாரோ பிளந்து அடுக்கிய விறகு,
தலையணை மட்டும் ஆறு.
"காட்டில் வாழுங்கள்" என்கிறது வாசல் பலகை.
படகோனியாவின் இந்தப் பக்கத்தில் காடு கிடையாது.
முழங்கால் உயர முட்புதர் உண்டு,
மிச்சமெல்லாம் காற்று.

என் பழைய ரெனோவில்
கியர்த்தண்டு குடைக்காம்பு மாதிரி
முகப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.
பின்சீட்டை ரியோ கயேகோஸில் விற்று
ஒரு பலகையும் ஆட்டுத்தோலும் வாங்கினேன்.
பத்து லிட்டர் தண்ணீர் கேன்.
ஒற்றைக்கண் அடுப்பு.
கரண்டி இரண்டு.
ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள்.

செவ்வாயும் வெள்ளியும்
கூடாரத்து விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பேன்.
கொடியில் போட்டால் கால்மணியில் காய்ந்துவிடும்.
காற்றுக்கு மட்டும் அவர்கள் இன்னும் விலை வைக்கவில்லை.

ஏழாம் எண்ணில் தங்கியிருந்தவர் ஃபவுஸ்தோ,
தலைநகரில் மாடிவீடுகளுக்கு லிஃப்ட் விற்பவர்.
என் வண்டியை மூன்று முறை வலம் வந்தார்.
"இதுதான் வாழ்க்கை" என்றார்.
"ஜூலையில் வந்து சொல்லுங்கள்" என்றேன்.
"ஒரே ஓர் இரவு, மாற்றிக்கொள்வோமா" என்று
அவர் இழுத்து முடிக்கும் முன்
சாவி அவர் கையில் இருந்தது.

"காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது, திருப்பாதீர்கள்.
கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டும்.
தண்ணீர் நாளைக்கும் வேண்டும்."
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பொய் சொல்ல மாட்டேன்.
தொட்டியில் ஒன்றரை மணி நேரம் கிடந்தேன்.
ஆறியதும் வடித்துவிட்டு மறுபடி நிரப்பினேன்.
இரண்டாம் முறை அழுதேன் என்று நினைக்கிறேன்,
முகம் ஏற்கனவே நனைந்திருந்ததால் உறுதியில்லை.
கண்ணாடிக்கு அப்பால்
புல் படுத்து எழுந்து படுத்தது;
காற்று வாயை அசைத்தது, சத்தம் வரவில்லை.
விரிப்பின் ஓரத்தில் என் தையல்,
வெள்ளை நூல் தீர்ந்துபோய் பாதியில் பழுப்பு.
முதுகு வலிக்கும், புரண்டு படுப்பேன்,
விடியுமுன் எழுந்து ஓடிவிடுவேன் என்றிருந்தேன்.
நன்றாகத் தூங்கினேன்.
அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

காலையில் போனால்
போர்வைக்குள் இரண்டு சிவந்த கண்கள்.
கேன் காலி. தலைக்குக் குளித்திருக்கிறார்.
"இருட்டில் ஏதோ நின்றது,
விடியும்வரை விளக்கைப் போட்டே வைத்திருந்தேன்."
குவானாக்கோவாக இருக்கும்.
இப்படியொரு மிருகத்தை
அதுவும் பார்த்திருக்காது.

சாவியைத் திருகினேன்.
பேட்டரி ஒரு பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டது.
"இனி என்ன?" என்றார்.
"இனி நீங்கள்" என்றேன்.

சரளையில், கூடாரத்து வெள்ளைச் செருப்போடு,
பொத்தானை அழுத்தியே உலகத்தை மேலேற்றியவர்
தோள் கொடுத்துத் தள்ளினார்.
ஒரு செருப்பு போனது. இன்னொன்றும் போனது.
சரிவு வந்ததும் கிளட்சை விட்டேன்.
இருமியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது.

நிறுத்தினால் அணைந்துவிடும்.
நன்றி சொல்ல நிறுத்த முடியாது,
திட்டவும் முடியாது.
"வெள்ளிக்கிழமை விரிப்புக்கு வருவேன்!" என்று
ஜன்னல் வழியே கத்தினேன்.
வெள்ளியன்று அவர் இருக்கமாட்டார்.
கண்ணாடியில் சின்னதாக,
முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றார்.
சிரித்தாரா, மூச்சு வாங்கினாரா, தெரியவில்லை.

முப்பது கிலோமீட்டர் கழித்துத்தான் பார்த்தேன்.
நாலு வருஷமாய் யாரும் தொடாத
அந்த இரண்டாம் கரண்டியில்
ஓட்ஸ் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது.
கழுவத் தண்ணீர் இல்லை.
சரளையில் வண்டி அதிர அதிர
அது மற்றதன்மேல் இடித்துக்கொண்டே வந்தது.